நன்றாக இருக்கும்போது தொடங்க வேண்டிய வைத்தியம்

சேலம், நாமக்கல் பக்கத்தில் நரம்பியல் மருத்துவரைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் பக்கவாதம், வலிப்பு, ஒற்றைத் தலைவலி, சர்க்கரையால் வந்த கால் எரிச்சல், முதுகு டிஸ்க் என்று வருகிறவர்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., அந்தக் கூட்டத்தில் எப்போதாவது தென்படும் நோய். அதனால் அதைப் பற்றிய கவனம் இங்கே இரண்டு இடங்களோடு நின்றுவிடுகிறது. ஒன்று, கண் மங்கியோ கால் மரத்தோ வார்டில் படுத்திருக்கும் நாட்களில் போடும் ஸ்டீராய்டு. மற்றொன்று, பல ஆண்டுகள் கழித்து நடை போனபின் காட்டும் அனுதாபம். இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்து நான் வந்து சேர்ந்த முடிவு, இந்த நோய்க்கு வைத்தியம் செய்ய வேண்டிய காலம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பது. அப்போது எந்தத் தொந்தரவும் இல்லாமல் நோயாளி தறி ஓட்டுகிறார், லாரி ஓட்டுகிறார், பள்ளியில் பாடம் நடத்துகிறார். அந்த மாதங்களில்தான் மருந்து வேலை செய்தாக வேண்டும். நன்றாக இருப்பவருக்கு எதற்கு மருந்து என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. சில நேரம் மருத்துவர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முழுமையான பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளே புகுந்து, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும் மோட்டார் ஒயரின் மேலுறை கிழிந்தால் மின்சாரம் கசிவதைப் போல, உறை போன நரம்பில் செய்தி தடுமாறுகிறது. சில வாரங்களில் வீக்கம் வடிகிறது, உறை ஓரளவு மறுபடி வளர்கிறது, செய்தி ஓடத் தொடங்குகிறது. பார்வை திரும்புகிறது, கால் நடக்கிறது. பழுது முழுதும் நீங்கிவிட்டதாக எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் உறையோடு உள்ளிழையும் அறுபடுகிறது என்பதை, இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோயின் தொடக்க ஆண்டுகளிலேயே அறுந்த இழைகள் இருந்தன. அறுந்த இழை திரும்ப முளைப்பதில்லை. மற்ற இழைகள் அதன் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதால் குறை வெளியே தெரிவதில்லை. மருந்து எடுக்காதவர்களுக்கு மாதந்தோறும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில், வெளியே தெரிந்த ஒரு தாக்குதலுக்கு உள்ளே ஐந்து முதல் பத்துப் புதிய புண்கள் சத்தமில்லாமல் வந்து போயிருந்தன. உடல் நன்றாக இருக்கிறது என்பது உண்மை. நோய் ஓய்ந்துவிட்டது என்பது அதிலிருந்து கிடைக்கும் முடிவு ஆகாது.

தானாகவே சரியாகும் இந்தக் குணம்தான் நோயை இத்தனை காலம் மறைத்து வைக்கிறது. ஒரு கண் சில நாட்களில் மங்கும், கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கும், சிவப்பு வெளிறித் தெரியும். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக் கொடுப்பார்கள், ஒரு மாதத்தில் பார்வை தெளியும், கண்ணாடிக்கு நல்ல பெயர். பாதத்தில் தொடங்கிய மதமதப்பு இடுப்புவரை ஏறும். டிஸ்க் என்று ஓய்வும் இழுவைச் சிகிச்சையும் தருவார்கள், அதுவும் வடியும். வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல் இருப்பதை வாயுத் தொல்லை என்பார்கள். தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியே கரண்ட் அடித்தாற்போல் இருக்கிறது என்றால் கழுத்து எலும்புத் தேய்மானம். குழந்தை பெற்ற மூன்றாம் மாதம் கால் தளர்ந்தால் பச்சை உடம்புக்காரியின் அசதி. சிறுநீரை அடக்க முடியவில்லை என்பதைப் பெண்கள் யாரிடமும் சொல்வதே இல்லை. ஒவ்வொரு முறையும் சில வாரங்களில் சரியாகிவிடுவதால், அந்தச் சமயத்தில் கையில் இருந்த வைத்தியம் எதுவோ அதற்குப் பலன் போய்ச் சேர்கிறது. பி12 ஊசி, பத்தியத்தோடு சாப்பிட்ட சூரணம், பிசியோதெரபி, குலதெய்வத்துக்கு முடிந்து வைத்த காசு என்று எல்லாமே பலித்திருக்கின்றன. இதை நம்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணெதிரே பலன் தெரிந்தது. பார்வை நரம்பு அழற்சிக்கு 1992இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், எந்த மருந்தும் இல்லாமல் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கும் பார்வை திரும்பியது. ஸ்டீராய்டு ஊசி அந்தத் திரும்புதலை விரைவாக்கியது. கடைசியில் கிடைத்த பார்வையை அது மாற்றவில்லை. அதே ஆய்வில் வெறும் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குத் தாக்குதல் அதிகமாகவே திரும்பி வந்தது. இன்னமும் நம் ஊர்களில் கண் மங்கினால் மாத்திரையாக எழுதிக் கொடுக்கும் பழக்கம் போகவில்லை.

மாறாக, சரியாகிப்போனது என்ற அந்தச் செய்தியையே துப்பாக எடுத்துக்கொள்ளலாம். சேலம், தருமபுரி வட்டாரத்தில் காலைச் செயலிழக்கச் செய்யும் நோய்கள் பல உண்டு. நிலத்தடி நீரின் புளோரைடு எலும்பில் படிந்து தண்டுவடத்தை நெரிப்பது, முதுகெலும்புக் காசநோய், டிஸ்க், கட்டி, பி12 குறைபாடு. இவை தம் போக்கில் விட்டால் பெரும்பாலும் மேலும் மேலும் மோசமாகும். வந்து, நின்று, முழுதும் விலகி, வேறோர் இடத்தில் மறுபடி தலைகாட்டுவதில்லை. ஆகவே கால் மரத்து வந்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி காலைப் பற்றியது அல்ல. ஐந்தாறு வருடத்துக்குள் எப்போதாவது ஒரு கண் மங்கித் தெளிந்ததா, வாரக்கணக்கில் இரட்டையாகத் தெரிந்ததா, உடம்பின் ஒரு பக்கம் மரத்துப்போய்த் திரும்பியதா என்பது. செருப்பு காலை விட்டு நழுவுவது தெரிந்து நழுவுகிறதா, தெரியாமலே கழன்றுபோய் ஆள் முன்னே நடந்துவிடுகிறாரா என்பது அடுத்த கேள்வி. தெரிந்து நழுவினால் பலக்குறைவு, தெரியாமல் கழன்றால் உணர்வுக்குறைவு. கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா என்பதும் அப்படியே. காசு செலவில்லாத இந்தக் கேள்விகள் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கப்படலாம்.

இது வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கு இதைப் பற்றி இவ்வளவு பேச்சு வேண்டுமா என்று ஒரு மறுப்பு உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகே இது குறைவு என்பது உண்மை. சேலம் ஏறத்தாழ 11.6 டிகிரி வடக்கில் இருக்கிறது. இந்தியாவில் 1980களின் மதிப்பீடுகள் லட்சத்துக்கு ஒன்றை ஒட்டியே இருந்தன. ஆனால் அவை எம்.ஆர்.ஐ. பரவாத காலத்துக் கணக்குகள். மங்களூரில் மருத்துவர் லேகா பண்டிட்டும் அவரது குழுவினரும் நகர மக்கள்தொகையை வைத்துச் செய்து 2014இல் வெளியிட்ட கணக்கில், லட்சத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் எம்.எஸ்., இரண்டு முதல் மூன்று பேருக்கு அதன் பங்காளி நோயான நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களிலும் 2011 கணக்கெடுப்பில் சுமார் 52 லட்சம் பேர். மங்களூர் விகிதம் இங்கும் பொருந்துமானால், எம்.எஸ். உள்ளவர்கள் நானூறுக்கு மேல் இருக்க வேண்டும். நகரத்து விகிதத்தைக் கிராமங்களுக்கு அப்படியே ஏற்றக் கூடாது என்பதை ஒப்புக்கொண்டு பாதியாக்கினாலும் இருநூறு குடும்பங்கள். நம் ரத்தத்தில் ஏதோ காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை: இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு, அந்நாட்டு மற்றவர்களின் அளவை நெருங்குவதாக 1990இல் வெளியான ஆய்வு சொன்னது. பிறப்பைவிட வளரும் சூழலுக்கு இதில் பங்கு பெரிது. அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்து வைத்த ரத்தத்தை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. அந்த வைரஸ் உலகில் ஏறத்தாழ எல்லோருக்கும் தொற்றுவது என்பதால், அது தனியாக நோயைக் கொண்டுவருவதில்லை. ஆனால் தொடக்கப் படியாக இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. சீக்கிரம் மருந்து தொடங்கு என்றால் தவறான ஆளுக்குத் தவறான மருந்து போகாதா? போகும். இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்பதால்தான் நோயைப் பிரித்தறிவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கேன் நிலையங்கள் இப்போது திருச்செங்கோடு, ஆத்தூர் வரை வந்துவிட்டன. ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் ரத்த அழுத்தக்காரருக்கும் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், அறிக்கையில் ‘எம்.எஸ். ஆகவும் இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் தூக்கம் போய்விடுகிறது. புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதே முக்கியம். நியூசிலாந்தில் பிறந்த நரம்பியலாளர் இயன் மெக்டொனால்டின் பெயரால் வழங்கும் விதிகள் 2001இல் வந்து, பலமுறை திருத்தப்பட்டன. 2017 திருத்தத்தின்படி மூளையின் நீரறைகளை ஒட்டி, மூளைப் புறணியை ஒட்டி, மூளைத்தண்டு - சிறுமூளைப் பகுதியில், தண்டுவடத்தில் என நான்கில் குறைந்தது இரண்டு இடங்களில் புண் இருக்க வேண்டும். வெவ்வேறு காலங்களில் வந்தவை என்பதற்கும் சான்று வேண்டும். முதுகுத்தண்டு நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் இருந்தால் அவை காலச் சான்றுக்குப் பதிலாக நிற்கும். அண்மைத் திருத்தம் பார்வை நரம்பையும் ஐந்தாவது இடமாகச் சேர்த்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதற்கு நம் மக்கள் அஞ்சுகிறார்கள், கால் விழுந்துவிடும் என்ற பேச்சு ஊரில் பலமாக இருக்கிறது. பேசி விளக்கினால் ஒப்புக்கொள்கிறார்கள். பேசுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவே. மேலும் இந்த விதிகள் எம்.எஸ்.க்கே உரிய அறிகுறிகளோடு வந்தவருக்குத்தான் பொருந்தும். தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தவர் மேல் அவற்றைப் பிரயோகிப்பது பிழை.

பிரித்தறிவதில் உயிர்நாடியான இடம் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. கண்ணும் தண்டுவடமும் மட்டும் பாதிக்கும் ‘ஆசிய எம்.எஸ்.’ என்று வெகுகாலம் ஆசிய மருத்துவர்கள் பேசிவந்ததில் பெரும்பகுதி இந்தத் தனி நோய்தான் என்பது, 2004இல் அதற்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டபின் துலங்கியது. அடுத்த ஆண்டே அது அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்குகிறது என்று தெரிந்தது. எம்.எஸ். புண் தண்டுவடத்தில் சின்னதாக, ஓரமாக இருக்கும். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவில் அது மூன்று முள்ளெலும்பு உயரத்துக்கு மேல் நீண்டு நடுவில் கிடக்கும். பெண்களே மிகப் பெரும்பான்மை. நாட்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் இதன் முதல் அறிகுறியாக வரலாம், அப்போது அவர்கள் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டு வயிற்று மருத்துவரிடம் அலைவார்கள். இந்த நோய்க்கு எம்.எஸ். மருந்துகளான இன்டர்ஃபெரானோ ஃபிங்கோலிமோடோ நேட்டலிசுமாபோ கொடுத்தால் அது முன்னைவிட மோசமாகலாம். ஆகவே ஒரு ரத்தப் பரிசோதனை இங்கே திசையையே மாற்றுகிறது. மாக் (MOG) எதிர்ப்புப் பொருள் நோய் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு; குழந்தைகளிடம் அது அதிகம், அதற்கென்று தனி விதிகள் 2023இல் வந்தன. இரண்டு பரிசோதனைகளும் செல்லை அடிப்படையாகக் கொண்ட முறையில் செய்யப்பட வேண்டும்; பிளாஸ்மா மாற்றும் முன்பு ரத்தம் எடுக்கப்பட வேண்டும். சேலத்தில் எடுத்த ரத்தம் பெருநகர ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். எம்.எஸ். மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த வாரங்கள் காத்திருக்கலாம். ஆனால் தாக்குதலுக்கான ஸ்டீராய்டு, தினம் ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள், அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

சேலத்துக் கோடையில் நோயாளிகள் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்டாஃப் 1890இல் கவனித்து எழுதியது: உடற்சூடு ஏறினால் உறை போன நரம்பு தற்காலிகமாகச் செய்தி கடத்துவதை நிறுத்துகிறது. அரை டிகிரி ஏறினாலே போதும். அக்னி நட்சத்திர வெயிலில் குமாரபாளையம் தறிக்கூடத்திலோ செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலோ நிற்பவருக்கு மதியத்தில் பழைய கண் மறுபடி மங்கும், கால் கனக்கும். இது புதிய தாக்குதல் அல்ல, ஸ்டீராய்டும் தேவையில்லை. நிழலும் தண்ணீரும் போதும். இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் விடாமல் நீடித்து, காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லையென்றால்தான் அதைத் தாக்குதலாக எண்ண வேண்டும். வெயில் நோயை வளர்ப்பதில்லை, இருக்கும் காயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஏற்காட்டுக்குக் குடிபோகச் சொல்வது ஆறுதலாக இருக்கலாம், வைத்தியம் ஆகாது.

இனி முக்கியமான மறுப்பு: ஒரே ஒரு தடவை கண் மங்கியது, அதற்கு ஆயுளுக்கும் மருந்தா? நான் முன்பு சொன்ன பார்வை நரம்பு ஆய்வில் சேர்ந்தவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் நாள் மூளை ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு எம்.எஸ். வந்தது, ஒரு புண்ணாவது இருந்தவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு. இந்தியாவில் இந்த விகிதங்கள் குறைவு என்பது அனுபவம், ஆகவே அமெரிக்க எண்களை அப்படியே எடுத்துப் பயமுறுத்தக் கூடாது. ஆனால் அவற்றின் வேறுபாடு சொல்லும் பாடம் இங்கும் பொருந்தும். சுத்தமான ஸ்கேன் உள்ளவருக்கு மருந்து வேண்டாம், ஆண்டுக்கொரு ஸ்கேன் போதும். புண்களோடு வந்து விதிகளை நிறைவு செய்பவருக்குக் காத்திருக்கக் கூடாது. மருந்தில்லாத காலத்தில் நோயின் போக்கைப் பார்த்த ஆய்வுகளில், பாதிப் பேருக்குப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகளில் ஊன்றுகோல் தேவைப்பட்டது. இருபத்தைந்து வயதில் தொடங்குபவருக்கு அது நாற்பதை ஒட்டிய வயது, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் வயது. மருந்து அதை மாற்றுகிறதா? ஸ்வீடனில் நடந்து 2022இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், இரண்டு ஆண்டுகளில் டைமெத்தில் ஃப்யூமரேட் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேருக்குத் தாக்குதல் திரும்பியது. ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களில் 3 பேருக்கு மட்டும். சேர்ந்தவர்கள் எல்லோரும் நோயின் தொடக்கத்தில் இருந்தவர்கள். போன இழையைக் கொண்டுவரும் மருந்து எதுவும் இல்லை. உள்ள இழையைக் காக்கும் மருந்து இருக்கிறது. வலுவான மருந்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய படிக்கட்டு முறையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

செலவு என்ற மறுப்புக்கு நம் நாட்டிலேயே பாதி விடை இருக்கிறது. வெளிநாட்டு எம்.எஸ். மருந்துகளின் விலை இங்குள்ள விசைத்தறிக் குடும்பத்தின் கற்பனைக்கும் எட்டாதது. ஆனால் ரிட்டுக்சிமாபின் முதல் ஒத்த மருந்தை 2007இலேயே ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரத்தப் புற்றுநோய்க்காக வந்த அந்த மருந்து இன்று ஆறு மாதத்துக்கொரு முறை ஏற்றப்படுவதால் ஆண்டுச் செலவு தாங்கக்கூடிய எல்லைக்கு வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் எம்.எஸ்.க்கான அத்தியாவசிய மருந்துகளாகச் சேர்த்த மூன்றில் ரிட்டுக்சிமாபும் ஒன்று. மற்றவை கிளாட்ரிபினும் கிளாட்டிராமரும். மீதிப் பாதி விடை அரசிடம் இருக்கிறது. மாவட்டத் தலைமை இடத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், மோகன் குமாரமங்கலம் பெயரில் சேலத்திலும் 2022இல் திறந்த நாமக்கல் கல்லூரியிலும், இந்த மருந்து தாக்குதல் இல்லாதபோதும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். படுத்தால் செலவு செய்யும் திட்டங்கள், படுக்காமல் காக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இந்த மருந்துக்கு விலையாக உடலும் ஒன்று கொடுக்கிறது: தொற்று எதிர்ப்பு குறைகிறது. ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யாமல் முதல் பாட்டில் ஏற்றக் கூடாது, உறங்கிக் கிடக்கும் வைரஸ் கல்லீரலை அழித்துவிடும். காசநோய் பரவலாக உள்ள ஊரில் மார்புப் படமும் காசநோய்ச் சோதனையும் கட்டாயம். தடுப்பூசிகளை முன்கூட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஆபத்துகள் உண்மையானவை. எண்ணிப் பார்த்துத் தடுக்கக்கூடியவையும்கூட.

கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்தப் பெயரைச் சூட்டாதீர்கள் என்று பெற்றோர் கைகூப்பிக் கேட்பது, அறிவியல் மறுப்பைவிட அதிகம் கனக்கிற மறுப்பு. பெயரை மறைத்தால் மருந்து நிற்கும், மருந்து நின்றால் நோய் தானே தன் பெயரைச் சொல்லும் என்பதுதான் நான் தரக்கூடிய பதில். மறைப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி பொய்யானவை. இந்த நோய் தொற்றாது; பிள்ளைக்கு நேரே போகும் பரம்பரை நோயும் அல்ல. கர்ப்பம் இதைக் கெடுப்பதில்லை: 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாக்குதல் வெகுவாகக் குறைந்தது, பிரசவத்துக்குப்பின் மூன்று மாதம் கூடியது, பிறகு பழைய நிலைக்கு வந்தது. டெரிஃப்ளூனோமைடு போன்ற சில மருந்துகள் கருவுக்கு ஆகாதவை. முன்பே திட்டமிட்டால் தகுந்த மருந்தைத் தேர்ந்தெடுத்துக் குழந்தை பெறலாம். பிரசவம் பார்க்கும் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒரு தொலைபேசி அழைப்பு பேசிக்கொண்டால் அந்த ஆபத்தான மூன்று மாதங்களைக் கவனித்துக் கடக்கலாம்.

காலம் கடந்து வந்தவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. விறைப்புக்குப் பேக்லோஃபன், சிறுநீருக்கு மருந்தும் தானே குழாய் விட்டு வெளியேற்றும் பயிற்சியும், படுக்கைப் புண் வராமல் காப்பது, வீடு தேடி வரும் பிசியோதெரபி. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தக் கடைசி வசதி இருக்கிறது, எம்.எஸ். குடும்பங்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ். பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது.

உடனடியாக மாற்றக்கூடியது ஒன்று நம் மருத்துவமனைகள் கொடுத்தனுப்பும் டிஸ்சார்ஜ் சீட்டு. கண் மங்கியோ தண்டுவட அழற்சி வந்தோ தேறிப் போகிறவரின் சீட்டில், எத்தனை நாள் ஸ்டீராய்டு போட்டோம் என்பதும் தொடர் மாத்திரையும் எழுதியிருக்கும். அந்தச் சீட்டைத்தான் அவர் அடுத்த முறை கோயம்புத்தூருக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ எடுத்துப் போகிறார். அதில் மூளை ஸ்கேனில் எந்த இடங்களில் எத்தனை புண்கள், அக்வாபோரின், மாக் பரிசோதனைகளின் முடிவு, தண்டுவட நீர் எடுத்தோமா, ஹெபடைட்டிஸ் பி உண்டா, அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்ற ஐந்தும் எழுதப்பட வேண்டும். ‘நன்றாக இருந்தாலும் வரவும்’ என்று தமிழில் ஒரு வரி, தேதியோடு, அடியில் வேண்டும்.